பாட்டைக் காசில்லாமல் இறக்கும் பழக்கம் ஏன் இன்னும் போகவில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பெரியப்பா தென்மாவட்டம் ஒன்றில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், கேட்ட பாட்டைக் கேசட்டில் பதிந்து கொடுக்கும் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார், பள்ளி விடுமுறை முழுக்க நான் அங்கேதான் கிடப்பேன். இன்றைக்கு மாதச் சந்தா கட்டித்தான் பாட்டு கேட்கிறேன். ஆனாலும் வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க் நிறையப் பாட்டு இருக்கிறது, அதைக் கைவிடவும் எனக்கு மனசில்லை. இதைச் சொன்னதும் சொந்தக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள், அண்ணன் மகள் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

மாதம் நூறு, நூற்றைம்பது ரூபாய் கூடவா கட்ட முடியாது?

பலரால் முடியும், சிலரால் முடியாது. கையில் ஸ்மார்ட்போன் இருப்பதாலேயே ஒருவரிடம் ஆன்லைனில் மாதாமாதம் பணம் கட்டும் வழியும் பழக்கமும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் நான்கு பேர் என்றால் நான்கு போன், அதற்கு ரீசார்ஜ், அதற்கு மேல் படத்துக்கு ஒரு சந்தா, கிரிக்கெட்டுக்கு ஒன்று, இதில் பாட்டுக்கும் ஒன்று என்று வரும்போது முதலில் வெட்டுப்படுவது பாட்டுதான், ஏனென்றால் பாட்டு எப்படியும் எங்கேயாவது கிடைத்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் காசை மட்டுமே காரணமாகச் சொல்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. எனக்குத் தெரிந்து அதிகமாகப் பாட்டு சேர்த்து வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் சந்தாவும் கட்டுகிறார்கள். இசைத்தட்டு வாங்குகிறார்கள், கச்சேரிக்கு டிக்கெட் எடுக்கிறார்கள். பாட்டு மேல் அவ்வளவு பிரியம் இருப்பதால்தான் கிடைக்காததைத் தேடிப் போகிறார்கள்.

இணையம் வருவதற்கு முன்னால் இதெல்லாம் இல்லையா?

இல்லாமலா? எங்கள் பெரியப்பா கடையே அதுதானே. வாடிக்கையாளர் ஒரு தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொண்டு வருவார், கூடவே ஒரு பிளாங்க் கேசட். 60 கேசட் என்றால் பன்னிரண்டு பாட்டு, 90 என்றால் பதினெட்டு பாட்டு வரைக்கும் பிடிக்கும். பக்கம் முடியும் இடத்தில் பாட்டு பாதியில் அறுந்துவிடக் கூடாது என்பதற்காக எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டு என்று பெரியப்பா நிமிடக் கணக்குப் போட்டு அடுக்குவார், அந்தக் கணக்குக்காகவே அவரைத் தேடி வந்தவர்கள் உண்டு. கல்யாணமான அக்காவுக்குக் கொடுத்துவிட ஒரு கேசட், வெளிநாடு போகிறவருக்கு பத்து கேசட், காதல் தோல்விக்கு முழுக்க முழுக்க சோகப் பாட்டு. மூன்று நாள் கழித்து வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வார்.

இதில் ஒரு பைசாகூட பாடியவருக்கோ இசையமைத்தவருக்கோ போகவில்லை. அது அன்றைக்கு யாருக்கும் தப்பாகத் தெரியவுமில்லை. ஒரிஜினல் கேசட் வாங்கினால் ஒரு படத்தின் ஐந்து பாட்டில் பிடித்தது இரண்டுதான் இருக்கும், மிச்சத்துக்கும் சேர்த்துக் காசு. பிடித்ததை மட்டும் நமக்குப் பிடித்த வரிசையில் கேட்பதை, பிளேலிஸ்ட் என்ற வார்த்தை நம் ஊருக்கு வருவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே ரெக்கார்டிங் சென்டர்கள் பழக்கிவிட்டன. அப்புறம் எம்பி3 சிடி வந்தது, ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு. அதற்கும் அப்புறம் செல்போன் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்தார்கள். பெரியப்பாவும் கடைசி இரண்டு வருடம் அதைத்தான் செய்தார், ஆனால் அதில் அவருக்கு சந்தோஷம் இல்லை. லிஸ்ட் எழுதிக் கேட்க ஆள் இல்லை, "2 ஜிபிக்கு எதையாவது போடுங்கண்ணே" என்றுதான் வந்தார்கள்.

நியாயமான விலைக்கு விற்றிருந்தால் வாங்கியிருப்பார்களே?

விற்றும் பார்த்தார்கள். 1999-ல் நாப்ஸ்டர் என்ற இணையச் சேவை வந்து உலகம் முழுக்கப் பாட்டைக் கைமாற்றிக்கொள்ளும் பழக்கத்தைப் பரப்பியது, 2001-ல் வழக்கு போட்டு அதை நிறுத்தினார்கள், 2003-ல் ஆப்பிள் ஐடியூன்ஸ் கடை திறந்து ஒரு பாட்டு 99 சென்ட் என்று விற்க ஆரம்பித்தது. அந்தக் கடை இந்தியாவுக்கு வர 2012 டிசம்பர் ஆகிவிட்டது. அதற்குள் இங்கே ஒரு தலைமுறையே எம்பி3-யை இலவசமாக இறக்கிப் பழகிவிட்டது.

அதே 2012 பிப்ரவரியில் ஃபிளிப்கார்ட் 'ஃபிளைட்' என்று ஒரு பாட்டுக் கடை தொடங்கியது. பூட்டு எதுவும் இல்லாத எம்பி3, ஒரு பாட்டு 6 ரூபாயிலிருந்து. வாங்கினால் நம்முடையது, எந்தப் போனிலும் போட்டுக்கொள்ளலாம். நான் அதில் வாங்கிய பாட்டுகள் இன்றும் என்னிடம் அப்படியே இருக்கின்றன. 2013 ஜூனில் கடையை மூடிவிட்டார்கள், ஒன்றரை வருடம்கூட முழுதாக ஓடவில்லை. சின்னத் தொகைக்கு ஆன்லைனில் பணம் கட்டுவது அன்றைக்கு அவ்வளவு சுலபமில்லை, கார்டு நம்பர், கடவுச்சொல் என்று 6 ரூபாய்க்கு அத்தனை படி ஏற வேண்டியிருந்தது. இன்றைக்கு டீக்கடையில் 12 ரூபாயை ஜிபேயில் கொடுக்கிறோம், ஆனால் பாட்டைத் தனித்தனியாக விற்கும் கடை கிட்டத்தட்ட இல்லை. எனக்கு இதுதான் பெரிய வருத்தம். கட்டுவதற்கு வழி வந்த நேரத்தில் விற்கும் வழக்கம் போய்விட்டது.

இன்றைக்கு ஆட்கள் எப்படித்தான் எடுக்கிறார்கள்?

ஒருவர் கணினியிலிருந்து இன்னொருவர் கணினிக்கு நேரடியாக இறக்கும் டோரண்ட் எல்லாம் பாட்டுக்குக் குறைந்துவிட்டது. யூடியூபில் இருக்கும் பாட்டின் ஒலியை மட்டும் உருவி எடுப்பதுதான் இப்போது பெரும்பாலும் நடக்கிறது, இதைத் தவிர படத்தின் பெயரைத் தேடினால் வந்து நிற்கும் எம்பி3 தளங்களும் டெலிகிராம் குழுக்களும் இருக்கின்றன. உலக இசை நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐஎஃப்பிஐ பல நாடுகளில் நடத்திய ஆய்வில் 2018-ல் 38 சதவீதம் பேர் உரிமமில்லாத வழியில் பாட்டு பெறுவதாகச் சொன்னார்கள், 2023 ஆய்வில் அது 29. குறைந்திருப்பது உண்மை. ஆனாலும் பத்தில் மூன்று பேர் கொஞ்சமில்லையே.

எல்லாப் பாட்டும்தான் ஆப்பில் இருக்கிறதே, அப்புறம் என்ன தேடுகிறீர்கள்?

எல்லாப் பாட்டும் இல்லை. புதுப் பாட்டு கேட்பவர்களுக்கு இது தெரியாது, பழசைத் தேடும்போதுதான் தெரியும்.

முதலில், இல்லவே இல்லாதவை. எழுபது எண்பதுகளில் எத்தனையோ சின்ன நிறுவனங்கள் பாட்டு வெளியிட்டன. சில மூடிவிட்டன, சில கைமாறிவிட்டன, சிலவற்றின் உரிமை யாரிடம் என்பதே வழக்கில் கிடக்கிறது. ஓடாத படம் என்றால் கேட்கவே வேண்டாம். படம் ஓடவில்லை, ஆனால் அதில் ஒரு பாட்டு தேன் மாதிரி இருக்கும், இலங்கை வானொலியில் கேட்டவர்களுக்கு மட்டும் நினைவிருக்கும். அந்தப் பாட்டைத் தேடினால் யாரோ ஒருவர் தன் இசைத்தட்டிலிருந்து எடுத்து யூடியூபில் ஏற்றியது மட்டும் கிடைக்கும், அதுவும் என்றைக்கு எடுத்துவிடுவார்களோ தெரியாது. கேட்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளத் தோன்றுமா தோன்றாதா?

அடுத்தது பாட்டு இருக்கும், ஆனால் அந்தப் பாட்டாக இருக்காது. இசைத்தட்டில் இருந்த சரணம் படத்தில் இருக்காது, படத்தில் இருந்த ஆலாபனை இசைத்தட்டில் இருக்காது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டுகளின் காலத்தில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் கொள்ளும் என்பதால் வெட்டியும் பதிவு செய்தார்கள், இரண்டு பக்கமாகப் பிரித்தும் பதிவு செய்தார்கள். பின்னால் 'டிஜிட்டல்' என்று பெயர் சொல்லி ஒரே தடத்தில் பதிவான பழைய மோனோ பாட்டின் மேல் புதிதாகத் தாளமும் எதிரொலியும் சேர்த்து வெளியிட்டார்கள். அந்த ஒட்டுப் போட்ட பாட்டு ஆப்பில் இருக்கும், நம் அப்பா கேட்ட பாட்டு இருக்காது. கேட்கும் யாருக்கும் வித்தியாசம் முதல் பத்து நொடியில் புரிந்துவிடும், வெளியிட்டவர்களுக்குப் புரியாமல் போனது எப்படி என்று எனக்கு ஆறவே இல்லை.

மூன்றாவது, பின்னணி இசை. தமிழில் பின்னணி இசைக்கென்றே உயிரை விடும் ரசிகர்கள் இருக்கிறார்கள், ஒரு காட்சிக்கு வரும் நாற்பது நொடி வயலினுக்காகப் படத்தை இருபது தடவை பார்ப்பவர்கள். பழைய படங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னணி இசை தனியாக வெளியிடப்படவே இல்லை. ரசிகர்கள் டிவிடியிலிருந்து, வசனம் இல்லாத இடமாகப் பார்த்து வெட்டி, ஒட்டி, இரைச்சல் நீக்கி, படத்தின் பெயரும் காட்சியும் குறித்து வைத்தார்கள். சட்டத்தின் கண்ணில் அதுவும் உரிமை மீறல்தான், ஆனால் காசு கொடுத்து வாங்க அப்படி ஒரு பொருள் எந்தக் கடையிலும் இருந்ததில்லை.

பெயர்க் குழப்பம் வேறு. பாடியவர் பெயர் தப்பு, வருடம் தப்பு. படத்தின் வருடத்துக்குப் பதில் தொகுப்பு வெளியான வருடம் இருக்கும். பாடலாசிரியர் பெயர் பல நேரம் இருக்கவே இருக்காது. தமிழில் தட்டினால் ஒரு விடை, ஆங்கில எழுத்தில் தட்டினால் வேறு விடை, 'ழ'-வை எப்படி எழுதியிருக்கிறார்களோ அதைப் பொறுத்து மூன்றாவது விடை. எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியர் தன்னிடம் இருக்கும் ஒவ்வொரு பாட்டுக்கும் படம், வருடம், பாடியவர், எழுதியவர், ராகம் வரைக்கும் சரியாகப் போட்டு வைத்திருக்கிறார். உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களிடம் இல்லாத ஒழுங்கு அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. அமெரிக்காவில் டி லா சோல் என்ற ராப் குழுவின் முக்கியமான ஆல்பங்கள், அவற்றில் கோத்திருந்த பழைய பாட்டுத் துணுக்குகளின் உரிமைச் சிக்கலால் 2023 மார்ச் வரைக்கும் ஸ்ட்ரீமிங்கில் இல்லை. 2014 காதலர் தினத்தன்று அந்தக் குழுவே தன் பாட்டுகளை ஒரு நாள் இலவசமாக இறக்கிக்கொள்ளக் கொடுத்துவிட்டது. பாடியவர்களுக்கே பொறுக்கவில்லை.

ஆப்பிலேயே டவுன்லோட் வசதி இருக்கிறதே, அது போதாதா?

அது டவுன்லோட் இல்லை, இரவல். சந்தா நின்றால் பாட்டும் நின்றுவிடும்.

2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலி இந்தியாவுக்கு வந்தது. இரண்டே மாதத்தில் சரிகம நிறுவனத்தோடு டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், அவர்களுடைய பாட்டெல்லாம் எடுக்கப்பட்டன. பழைய எச்எம்வி இசைத்தட்டு நிறுவனத்தின் வாரிசுதான் சரிகம, அப்படியானால் பழைய தமிழ்ப் பாட்டில் எவ்வளவு காணாமல் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2020 மே மாதம் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் திரும்ப வந்தன. 2023 மார்ச்சில் ஜீ மியூசிக் நிறுவனத்தின் பாட்டுகள் இதே போல் அதிலிருந்து மறைந்தன. 2022-ல் கானா என்ற செயலி இலவசமாகக் கேட்பதை நிறுத்தியது. 2023 கடைசியில் ஸ்பாட்டிஃபை இலவசக் கணக்குக்காரர்கள் நினைத்த பாட்டை நினைத்த வரிசையில் கேட்க முடியாதபடி ஆக்கியது. 2024 ஜனவரியோடு ரெஸ்ஸோ செயலி இந்தியாவில் மூடப்பட்டது, அதே ஆண்டு ஆகஸ்டில் ஏர்டெல் தன் விங்க் செயலியை மூடுவதாகச் சொன்னது. விங்கில் வருடக்கணக்காக விருப்பப் பட்டியல் சேர்த்து வைத்திருந்த என் சித்தி, "எம்பாட்டெல்லாம் எங்கடா போச்சு" என்று போன் செய்தார். அவருக்கு அது 'என் பாட்டு'. நான் என்ன பதில் சொல்வது? அந்த வாரக் கடைசியில் ஒரு பென் டிரைவில் ஐந்நூறு பாட்டு போட்டுக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

நெட் இருக்கும்போது பென் டிரைவ் எதற்கு?

சித்தி வீட்டு டிவியில் பென் டிரைவ் ஓடும், ஆப் ஓடாது. லாரியில், தனியார் பேருந்தில், டிராக்டரில் இருக்கும் பிளேயரும் அப்படித்தான். மலைப் பாதையில் சிக்னல் இருக்காது. தனியார் பேருந்தில் ஓட்டுநர் எந்தப் பாட்டு போடுகிறார் என்பதற்காகவே பேருந்தைத் தேர்ந்தெடுத்து ஏறும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன, அந்த ஓட்டுநர்கள் பென் டிரைவை நகை மாதிரி பத்திரமாக வைத்திருப்பார்கள்.

மைக்செட் போடுபவர்களைச் சொல்லாமல் விட முடியாது. கோவில் கொடைத் திருவிழா என்றால் விடியற்காலை நாலு மணிக்குப் பக்திப் பாட்டு, பகலில் வேறு, ராத்திரி வேறு என்று அவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது, எந்தப் பாட்டுக்கு அப்புறம் எது என்று வருடக்கணக்கான பழக்கம். நடுவில் ஒரு விளம்பரம் வந்தால் அம்மன் சன்னதியில் அது எப்படி இருக்கும்? நெட் சுற்றிக்கொண்டு நின்றால் ஊரே திரும்பிப் பார்க்கும். பொது இடத்தில் பாட்டு போடத் தனி உரிமம் வேண்டும் என்பது வேறு விஷயம், வீட்டுச் சந்தா அதற்குச் செல்லாது. ஆனால் ஒரு கிராமத்து மைக்செட்காரர் அதை எங்கே, எவ்வளவுக்கு, எந்த மொழியில் வாங்குவது என்று இதுவரை யாரும் அவரிடம் போய்ச் சொல்லவில்லை.

இதனால் கலைஞர்களுக்கு நஷ்டம் இல்லையா?

உண்டு. இதில் மழுப்ப மாட்டேன். புதிதாகச் சொந்தமாக ஆல்பம் போடும் பையனுடைய பாட்டை ஆப்பில் இருக்கும்போதே உருவி எடுத்தால், அவனுக்கு வரவேண்டிய சில ரூபாயை நாம் நிறுத்துகிறோம். அதற்கு, மேலே நான் சொன்ன எந்தக் காரணமும் பொருந்தாது. அப்படிப்பட்டவர்களின் பாட்டைக் காசு கொடுத்தே கேளுங்கள், அவர்களே நேரடியாக விற்றால் அங்கேயே வாங்குங்கள்.

ஆனால் சந்தா கட்டுவதாலேயே கலைஞருக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பதும் உண்மையில்லை. பெரும்பாலான செயலிகளில் என் பணம் நான் கேட்ட பாட்டுக்கு என்று தனியாகப் போவதில்லை, எல்லாருடைய பணமும் ஒரே பானையில் கொட்டப்பட்டு, மொத்தத்தில் யார் பாட்டு எவ்வளவு ஓடியதோ அந்தக் கணக்கில் பிரிக்கப்படுகிறது. மாதம் முழுக்க நான் நாதஸ்வரம் மட்டுமே கேட்டாலும் என் காசில் பெரும்பங்கு அந்த மாதத்து ஹிட் பாட்டுக்குத்தான் போகும். 2024-லிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவையாவது ஓடியிருந்தால்தான் அந்த ஒலிப்பதிவுக்கான ராயல்டியே கணக்கில் வரும். இந்தியாவில் 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சேரும் ராயல்டி பங்கை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று செய்தார்கள். நல்ல திருத்தம். ஆனால் அந்தப் பாட்டில் தபேலா வாசித்தவருக்கும் புல்லாங்குழல் வாசித்தவருக்கும் அன்றைய கால்ஷீட் சம்பளத்தோடு பெரும்பாலும் கதை முடிந்துவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி தெரிந்தே மீறினால் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். 52-ஆம் பிரிவில் சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் பயன்படுத்தலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது, ஆனால் அதை வைத்துத் திருட்டுத் தளத்திலிருந்து இறக்குவதை நியாயப்படுத்த நான் துணிய மாட்டேன்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஒலிப்பதிவுக்கான உரிமை வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம்தான். 1964-ல் வெளிவந்த பதிவின் உரிமை 2024 முடிவோடு முடிந்துவிட்டது. ஆனால் அதன் மெட்டுக்கும் வரிகளுக்கும் தனிக் கணக்கு, படைத்தவர் காலமாகி 60 வருடம் ஆக வேண்டும். கண்ணதாசன் 1981-ல் காலமானார், ஆக அவர் வரிகளுக்கு 2041 முடியும் வரை உரிமை இருக்கிறது.

திருட்டுத் தளங்களை ஆதரிக்கிறீர்களா?

இல்லை. அவர்களுக்குப் பாட்டின் மேல் அக்கறை கிடையாது, விளம்பரக் காசுதான். ஒரு பட்டனைத் தொட்டால் சூதாட்ட விளம்பரம், இன்னொன்றைத் தொட்டால் போனில் ஏதோ ஒரு செயலி வந்து உட்காரும். படத்தின் அட்டையில் தங்கள் தளத்தின் பெயரை ஒட்டி, பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்திலும் அதையே எழுதி வைப்பார்கள். என் பெரியப்பா பழைய கேசட் அட்டையைப் பார்த்து, பாடியவர் பெயரைத் தன் கையெழுத்தில் எழுதிக் கொடுப்பார்.

என்ன செய்தால் குறையும்?

பூட்டில்லாத பாட்டை ஐந்து ரூபாய்க்கோ பத்து ரூபாய்க்கோ யுபிஐயில் விற்கட்டும், அசல் மோனோ பதிவை அப்படியே வெளியிடட்டும், பெயர்களைச் சரிபார்க்க அந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் மாதிரி ஆட்களைக் கூலி கொடுத்துக் கூப்பிடட்டும். ஆள்கள் வாங்குவார்களா என்றால், 2017-ல் சரிகம வெளியிட்ட கார்வான் பெட்டியைப் பாருங்கள். 5,000 பழைய பாட்டு உள்ளேயே இருக்கும், நெட் வேண்டாம், சந்தா வேண்டாம், பார்க்க ரேடியோ மாதிரி இருக்கும். அதே பாட்டெல்லாம் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்த காலத்தில் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தார்கள்.

வீட்டில் பழைய கேசட்டுகள் கிடக்கின்றன. தூக்கிப் போடவா?

தயவுசெய்து வேண்டாம். முதலில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள், பிடித்ததை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள், பிளேயரில் போடவும் வேண்டாம். டேப்புக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கம்பளித் துண்டு பல கேசட்டில் உதிர்ந்திருக்கும், உதவாத ஒரு கேசட்டிலிருந்து எடுத்து மாற்றலாம். நல்ல பிளேயர் ஒன்றைப் பிடித்து, டேப்பைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். கேசட்டை ஒரு தடவை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றுங்கள், ஒட்டிக்கொண்ட சுற்றுகள் விடுபடும். அப்புறம் பிளேயரின் லைன் அவுட் துளையிலிருந்து கணினிக்கு இழுத்து, எம்பி3-யாக இல்லாமல், தரம் குறையாத வேவ் அல்லது ஃபிளாக் கோப்பாகச் சேமியுங்கள்.

அட்டையையும் உள்ளே மடித்து வைத்த லிஸ்ட்டையும் போட்டோ எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். எங்கள் வீட்டில் கிடைத்த ஒரு 90 கேசட்டில், பி பக்கம் ஆறாவது பாட்டுக்குப் பக்கத்தில் பெரியப்பா பச்சை மையில் "தட்டு கிடைக்கவில்லை, ரேடியோவில் எடுத்தது" என்று எழுதியிருந்தார். அந்தப் பாட்டு இன்று வரைக்கும் எந்த ஆப்பிலும் இல்லை.